நாலு விரல் இடைவெளி

ஆரணி,
18-8-1981.

கலசப்பாக்கத்தில் மரவாடி நடத்திவரும், மரத்துக்கும் மரியாதைக்கும் குறைவில்லாத என் தாய்மாமன் ராஜவேலு அவர்களுக்கு, அக்கா மகன் ஜெயவேல் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதும்படி அப்பா உத்தரவு. எழுதிவிட்டேன். அங்கு அத்தையும் குழந்தைகளும் உங்கள் ரம்பமும் நலமா என்று கேட்கச் சொன்னாள் அம்மா. ரம்பம் மட்டும் என் சொந்தச் சேர்க்கை.

விஷயம் என்னவென்றால், பின்தோட்டத்து வேலியை மாற்ற அப்பா முடிவு செய்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மச்சான், ரெண்டு விரல் அகலத்துல ரீப்பர் அறுத்து அனுப்பு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி விட்டு அடிக்கப் போறேன். ஆள் உசரம் வேணாம், மார் உசரம் போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும், ஜல்தியா அனுப்பு.” இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தறிக்குள் இறங்கிவிட்டார். இதுவரை அப்பாவின் கடிதம்.

இனிமேல் என் கடிதம். அத்தைக்குக்கூடப் படித்துக் காட்டாதீர்கள். மாமா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், ரீப்பர் அனுப்பாதீர்கள். பலகை அனுப்புங்கள். நல்ல அகலப் பலகை. ஒன்றோடு ஒன்று ஒட்டி அடித்தால் எறும்புகூட மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும், அப்படிப்பட்ட பலகை. ரீப்பர் தீர்ந்துவிட்டது, ரம்பம் பல் விழுந்துவிட்டது, மரங்கள் எல்லாம் வேலைநிறுத்தம் செய்கின்றன, எதையாவது சொல்லுங்கள். அப்பா கேட்கிற நாலு விரல் சந்து வழியாக அவர் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டால் போதும், என் கதை முடிந்தது. என் கதை மட்டும் என்றால் நான் இவ்வளவு தூரம் எழுதமாட்டேன்.

அப்பாவுக்கும் மாணிக்கவேல் பெரியப்பாவுக்கும் போன தை மாதத்திலிருந்து பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெரியப்பா அப்பாவின் நெசவைக் கேவலமாகப் பேசியதுதான் காரணம் என்பதும் தெரியும். நீங்களே சமாதானம் பேச வந்து, இரண்டு வீட்டிலும் மாறி மாறிக் காபி குடித்து, சமாதானம் ஆகாமல் வயிறு மட்டும் கலகம் ஆகி ஊர் திரும்பினீர்கள். மாமா, பெரியப்பா எதுவும் பேசவில்லை. பேசினவன் நான்.

போன வருஷம் என் குரல் உடைந்தது இல்லையா, உடைந்த பானை ஒன்றுக்கும் ஆகாது, ஆனால் உடைந்த குரலில் ஊரையே வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். கணக்கு வாத்தியார் குரலில் பக்கத்து வகுப்பையே எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். சேத்துப்பட்டு பஸ் கண்டக்டர் மாதிரி விசில் அடித்து, நின்றுகொண்டிருந்த பஸ்ஸைக் கிளப்பிவிட்டிருக்கிறேன், கண்டக்டர் கீழே டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே. ஆனால் எனக்கு நூற்றுக்கு நூறு வருவது பெரியப்பா குரல்தான். அன்றைக்கு அப்பா தறியில் இருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று, யாரிடமோ பேசுவது போல, பெரியப்பா குரலில் எடுத்துவிட்டேன்: “என் தம்பி நெய்யறது பட்டுப் புடவையா? கொசுவலைப்பா அது! கொசு தலைகூடக் குனியாம உள்ள பூந்து, வெத்தல போட்டுகினு வெளிய வரும்.” அண்ணன் தம்பி எப்போதும் ஒருவரை ஒருவர் இப்படி வாரிக்கொள்கிறவர்கள்தானே, அப்பா சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஒன்று விடுவார் என்றுதான் நினைத்தேன். அன்று காலைதான் நெசவு தளர்ந்திருக்கிறது என்று முதலாளி ஒரு கல்யாணப் புடவையைத் திருப்பி அனுப்பியிருந்தாராம். அது எனக்குத் தெரியாது. 

தறியின் சத்தம் நின்றது. அப்பா எழுந்து நேராக அடுத்த வீட்டுக்குப் போய், “நீ சொன்னியா?” என்று மட்டும் கேட்டார். எதைச் சொன்னேன் என்று பெரியப்பா கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் சொல்லியிருப்பேன்னு நெனச்சிகினுதானே வந்து நிக்கிற? அப்போ சொன்னதாவே வச்சிக்கோ” என்றார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஊரில் இருக்கிற எல்லோருடைய நாக்கும் எனக்கு வருகிறது, என் நாக்கு மட்டும் அன்று வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் வேலி வந்துவிட்டது.

முதல் வேலி பனைமட்டை. பின்தோட்டம் இரண்டு வீட்டுக்கும் பொது, நீளம் இருபத்திரண்டு கஜம். சரியாக நடுவில் அப்பா ஒரு கோடு கிழித்து மட்டையை நட்டார். அவர் கிழித்த கோடு கோணல் என்று பெரியப்பா, யாரிடமும் பேசாமல், தன் பக்கத்திலிருந்து இன்னொரு கோடு கிழித்துக் காட்டினார். அது இன்னும் கோணல். நாலாம் நாள் பாவு வந்தது, தறியில் ஏற்றுகிற நீள நூல். மற்ற வீடுகளில் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி அறுந்த இழைகளை முடிச்சுப் போடுவார்கள். எங்கள் வீடு தெரு வளைவில் இருப்பதால் எங்களுக்கு எப்போதும் பின்தோட்டம்தான். அப்பா பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து, வேலியைப் பார்த்து, மூடின ரேஷன் கடைக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி நின்றுவிட்டார். பாவுக்குப் பதினெட்டு கஜம் வேண்டும். அவர் பங்குக்கு இருப்பது பதினொன்று. அந்தப் பக்கம் பெரியப்பாவும் அன்றைக்குத் தன் பாவைத் தூக்கிக்கொண்டு வந்து அதே மாதிரி நின்றார். விடிந்தால் எழுந்து இழை இழையாக எண்ணுகிற இரண்டு பேர், கோபத்தில் தோட்டத்தை அளக்க மறந்துவிட்டார்கள். பெயரைப் பாருங்கள் மாமா, மாணிக்கவேல், ராஜவேலு, ஜெயவேல். இத்தனை வேல் இருந்தும் இந்தக் குடும்பத்தில் ஒரு வேலி உருப்படவில்லை.

இரண்டாவது மூங்கில் படல். பாவு வரும்போது அடியில் தூக்கிவிட்டால் உள்ளே போகும், மற்ற நேரம் மூடிக் கிடக்கும் என்று அப்பாவின் யோசனை. ஆனால் பின்னின மூங்கில் சந்துகளில் உண்ணாமலை பெரியம்மாவின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. “அண்ணி மொகம் கட்டம் போட்ட சேலை மாதிரி தெரியுதுடா” என்று அப்பா முணுமுணுத்தார். அவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். முதல் தடவை பாவை நுழைத்தபோது முட்டுக்கொடுத்த கம்பு நழுவி, படல் மொத்தமும் பெரியப்பாவின் கயிற்றுக்கட்டில் மேல் சாய்ந்தது. பாவு மண்ணில் விழப்போகிறது என்றதும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பாய்ந்து பிடித்தார்கள். ஒரு முழ தூரத்தில், ஒரே பாவைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

“ஜெயவேலு, அந்தப் பக்கத்து ஆள கொஞ்சம் இழுத்துப் பிடிக்கச் சொல்லுடா” என்கிறார் அப்பா.

“இழுத்துதான் பிடிச்சிகினு இருக்கேன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு.”

“தொய்யுதுன்னு சொல்லு.”

“தொய்யறது அவன் பக்கம்னு சொல்லு. கண்ணாடி மாத்தச் சொல்லு.”

நான் நடுவில் நின்று இப்படியும் அப்படியும் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்கள் குரலிலேயே. இரண்டு பேருக்கும் உதடு துடித்தது. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று எனக்குள் ஒருவன் அடித்துக்கொண்டான். அப்படி ஒரு நேரம் இனி கிடைக்காது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாமா. நான் சிரித்ததும் அப்பா முகம் இறுகிப்போனது. பாவைக் கட்டிவிட்டு உள்ளே போனவர் தச்சர் சடையப்பனுக்கு ஆள் அனுப்பினார்.

அப்பா சடையப்பனிடம் போட்ட நிபந்தனை இதுதான்: பாவு போகணும், பார்வை போகக் கூடாது. சடையப்பன் காதில் இருந்த பென்சிலை எடுத்து, திரும்பவும் காதிலேயே வைத்துக்கொண்டார். “அப்டி ஒரு வேலிய எந்த மரத்துல சாமி செய்யறது?” பிறகு அவரே சவுக்குக் கம்புகளை ஆள் உயரத்துக்கு நெருக்கி அடித்து, இடுப்பு மட்டத்தில் மூன்று சாண் அகலத்துக்கு, கை நுழைகிற அளவுக்கு, படுக்கைவாட்டில் ஒரு சந்து விட்டார். எட்டி நின்று பார்த்துவிட்டு, “வேலி கேட்டீங்க, உண்டியல் செஞ்சி குடுத்துகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் இன்றுவரை நிற்கிறது. சந்தில் குனிந்தால் அந்தப் பக்கம் தெரியும், ஆனால் அப்பா குனியமாட்டார். அந்தச் சந்து வழியாகப் பாவின் ஒரு முனை பெரியப்பா பக்கம் போகும். அங்கே இருக்கிற கல்லில் நான் போய்க் கட்டுவேன். பெரியப்பா வேலியை ஒட்டிக் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். யாரும் கேட்காமலேயே, தன் பக்கத்தில் அறுந்திருக்கிற இழைகளுக்கெல்லாம் முடிச்சுப் போட்டுவிடுவார். சாயங்காலம் அப்பா பாவைச் சுருட்டும்போது அந்த முடிச்சுகளை விரலால் தடவிப் பார்ப்பார். கடுகுக்குக் கடுகு மாதிரி இருக்கும்.  பெரியப்பாவின் பாவு இந்தப் பக்கம் வந்தால் அப்பாவும் அதையே செய்தார். ஏழு மாதமாக இந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டது முடிச்சில்தான்.

பெரியப்பாவுக்கு இருமல் வந்தது சித்திரையில், அதிலிருந்து அவர் தறியில் இறங்கவில்லை, கட்டில்தான். அதை இருமல் என்று சொல்வது தப்பு, மும்மல் என்று சொல்ல வேண்டும். இரண்டு குட்டையாக, மூன்றாவது நீளமாக, கிணற்றில் வாளி இறங்க ராட்டினம் சுற்றுவது மாதிரி. வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா அந்த மூன்றாவது வருகிறவரை தறியில் மிதியை மிதிக்கமாட்டார். ஆடி பிறந்ததும் சளியில் ரத்தம் வந்தது. பெரியம்மாவின் தம்பி தருமன் வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கிளம்பும்போது பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “உங்கப்பனுக்குத் தெரியக் கூடாதுடா. தெரிஞ்சா ஓடியாந்துடுவான். பரிதாபப்பட்டு வந்தான்னு இருக்கக் கூடாது. நான் நல்லா ஆயி வந்து இந்தக் கட்டில்ல உக்காந்திருக்கும்போது, அவனா வரணும்” என்றார். பெரியம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

தெரியக் கூடாது என்றால் எப்படி? அன்று சாயங்காலம் அப்பா இரண்டு தடவை வேலிப் பக்கம் வந்து காதைக் கொடுத்துவிட்டுப் போனார். இருமல் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லி, முன்வாசல் வழியாகப் பெரியம்மா வீட்டுக்குப் போய், காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இருமினேன். குட்டை, குட்டை, நீளம். வேலிக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தது. 

அதிலிருந்து இன்றோடு பதினெட்டு நாள், காலையும் மாலையும் இருமிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மாவும் நாடகத்தில் சேர்ந்துகொண்டாள். காலிக் கட்டிலைப் பார்த்து, கையில் டம்ளரோடு, “கஷாயத்தக் குடிக்கப் போறியா, தலையில ஊத்தவா? ஒரு நாளாவது சொன்ன பேச்சக் கேட்டிருக்கியா நீ?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரித் திட்டுவாள். நான் இருமுவேன். “இருமு, நல்லா இருமு, பதில் பேச வாய் இல்லன்னா இருமல் வந்துடும்” என்பாள். பிறகு அந்தக் கஷாயத்தை என்னைக் குடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டுவாள், வீணாகக் கூடாதாம். மாமா, அது வேப்பம்பட்டையும் மிளகும். வாழ்க்கையில் நான் செய்த எல்லாக் குறும்புக்கும் பதினெட்டு நாளில் வட்டியோடு குடித்துத் தீர்த்துவிட்டேன். நாலு நாள் முன்னால் திட்டிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தி, புடவை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் தறி நின்றது. நான் அவசரமாக இருமினேன். “இன்னாத்துக்கு இப்ப அவசரம்?” என்று பெரியம்மா மறுபடி திட்ட ஆரம்பித்தாள், குரல் மட்டும் எங்கேயோ இருந்து வந்தது.

என்னைக் காட்டிக்கொடுத்தது இருமல் இல்லை, முடிச்சு. இந்தப் பதினெட்டு நாளில் இரண்டு பாவு ஏறிவிட்டது. பெரியப்பா பக்கத்து முடிச்சுகளை நான்தான் போட்டேன். பிளஸ் ஒன் படிக்கிறவன் கை, பேனா பிடிக்கவே சோம்பல்படுகிற கை. அப்பா பாவைச் சுருட்டும்போது விரல் ஒரு இடத்தில் நின்றது. திரும்பத் திரும்பத் தடவினார். “உங்க பெரியப்பனுக்குக் கை நடுங்குதுடா” என்றார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக ‘அந்தப் பக்கத்து ஆள்’ என்று சொல்லாமல் பெரியப்பன் என்று சொன்னார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலையில் உங்களுக்குக் கடிதம் எழுது என்று உட்கார வைத்து, அந்த நாலு விரல் இடைவெளியைச் சொன்னார். மார் உயரம் போதும் என்று சொன்னதற்கு அர்த்தம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நின்றால் அந்தப் பக்கம் கட்டில் தெரிய வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை தருமன் மாமா வேலூரிலிருந்து வந்திருந்தார். பெரியம்மாவிடம் தேறிவருகிறது என்று சொன்னவர், என்னைத் தனியே கூப்பிட்டு உதட்டைப் பிதுக்கினார். நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கிறதாம். பெரியப்பா கண் விழிக்கிறபோதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாராம்: “என் பக்கத்து முடிச்ச யாரு போடறா?”

ஆகவே மாமா, நீங்கள் பலகை அனுப்பினால் நான் தப்பித்தேன். அப்பா கட்டிலைப் பார்க்கமாட்டார், நான் எல்லோருக்கும் நல்லவனாக இன்னும் கொஞ்ச நாள் இருமலாம். ஆனால் இவ்வளவு எழுதினபிறகு எனக்கே தோன்றுகிறது, பலகையும் வேண்டாம் ரீப்பரும் வேண்டாம், நீங்கள் வாருங்கள். வந்து அப்பாவை முதல் பஸ்ஸில் வேலூருக்குக் கூட்டிப்போங்கள். கொசுவலை சொன்னது பெரியப்பா இல்லை என்று வழியில் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல வேண்டியதுதான். அப்பா முகத்துக்கு நேரே எனக்கு வாய் வரவில்லை, பெரியப்பா வாய் வேண்டுமானால் வரும். உங்களுக்குப் பயந்து ஓடிவிடமாட்டேன். சடையப்பன் கடையில் மீந்த சவுக்குக் கம்பு இருக்கிறது, உதைக்க எதையும் கலசப்பாக்கத்திலிருந்து சுமந்து வர வேண்டாம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு என் முத்தம், பெரியவன் ஒத்துக்கொண்டால் மட்டும். உங்கள் மரவாடியில் மரம் வாடாமல், உங்கள் கை வாடாமல், எல்லாத் தெய்வமும் கூட நிற்க வேண்டுகிற,

தங்கள் அன்புள்ள அக்கா மகன்,
லோ. ஜெயவேல்.

பின்குறிப்பு: 19-8-81, புதன். மாமா, பலகை வேண்டாம். ரீப்பரும் வேண்டாம். நேற்று தபால் எடுக்கிற நேரம் தாண்டிவிட்டதால் இந்தக் கடிதம் என் கணக்கு நோட்டுக்குள்ளேயே இருந்தது. உங்களுக்குச் சொல்ல சைக்கிளில் ஆள் போயிருக்கிறார், நீங்கள் வந்தபிறகு இதைக் கையில் கொடுக்கிறேன். கிழித்துப்போட மனசு வரவில்லை.

இன்று காலையும் பால் வாங்கப் போகிறேன் என்று போய் இருமிக்கொண்டிருந்தேன். பெரியம்மா டம்ளரோடு கட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தாள். தறி ஓடவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம் அப்பாவின் வேட்டி தெரிந்தது. நான் இன்னும் பலமாக இருமினேன். குட்டை, குட்டை, நீளம்.

“போதும்டா” என்றார் அப்பா.

பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“தந்தி வந்திருக்குது. என் பேருக்குத்தான் வந்திருக்குது. சொந்தம் யாருன்னு ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு, தம்பின்னு எழுதிக் குடுத்திருக்கான். ராத்திரியே போயிட்டானாம்.”

பெரியம்மா அழவில்லை மாமா. கட்டிலைப் பார்த்து, “கடைசி வரைக்கும் குடிக்கவே இல்லையே நீ” என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் வேட்டி சந்தை ஒட்டி வந்து நின்றது. பிறகு அப்பா கேட்டார்: “அப்போ... அன்னிக்கி கொசுவலையும் நீதானா?”

“ஆமாம்பா” என்றேன். ஏழு மாதத்தில் என் குரலில் நான் அவரிடம் சொன்ன முதல் நிஜம் அது.

சந்து வழியாக அப்பாவின் கை உள்ளே வந்தது. அறையப் போகிறார் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். கை என்னைத் தாண்டிப் போய்த் துழாவி, கட்டில் கயிற்றைப் பிடித்தது. தோள்வரை உள்ளே விட்டு, கம்பில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார், முடிச்சைத் தேடுகிற மாதிரி.

“இன்னும் ஒரே ஒரு தபா இருமுடா” என்றார்.

இருமினேன் மாமா. என் குரல்தான் வந்தது.